எரிக்கச் சொன்ன கடிதங்கள்

ரஞ்சன்காவுக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. அஷ்ட விநாயகர் யாத்திரையில் மகா கணபதியைக் கும்பிட வருகிறவர்கள் ஒரு வகை. காரும் பிரிட்ஜும் தயாராகும் எம்.ஐ.டி.சி. ஆலைகளில் வேலைக்கு வந்து, ஷிரூரிலோ வாகோலியிலோ வாடகை வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்கள் இன்னொரு வகை. இரு சாராரும் வருவது ஒரே வழியில்தான்: புனேயிலிருந்து அகமத்நகர் செல்லும் நெடுஞ்சாலை. அந்த ஊரின் பெயர் அகில்யாநகர் என்று மாறிவிட்டாலும் சாலை இன்னும் 'நகர் ரோடு'தான். ரஞ்சன்காவிலிருந்து புனே பக்கம் திரும்பினால் ஷிக்ராபூர், கோரேகாவ் பீமா, வாகோலி, கராடி என்று லாரிகளுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்து, மெட்ரோ பாதை முடியும் ராம்வாடிக்கு வந்துசேரலாம். அங்கே மதில் சூழ்ந்த, மரங்கள் அடர்ந்த ஒரு வளாகம் இருக்கிறது. உலகமே அறிந்த ஒரு பெண்மணி உலகத்துக்குச் சொல்லாததை எழுதிக் கொடுத்தது இந்த வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரிடம்தான்.

வளாகத்துக்குள் இருப்பவை ஞானதீப வித்யாபீடம், பாப்பிறை குருமடம், இயேசு சபையின் டி நொபிலி கல்லூரி. கடைசிப் பெயர் மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, சைவ உணவுக்கு மாறி, 'தத்துவ போதகர்' என்று பெயர் வைத்துக்கொண்ட ராபர்ட் டி நொபிலியேதான் அவர். குருமடத்துக்கும் நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. 1893-ல் இலங்கையின் கண்டியில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே படித்துக் குருவானவர்கள் பலர். 1955-ல் குருமடத்தைப் புனேக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இங்கே இறையியல் கற்பித்தவர்களில் ஒருவர் ஜோசப் நொய்னர். 1908-ல் ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்க்கில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. எதிரி நாட்டுப் பிரஜை என்று பிரிட்டிஷ் அரசு முகாமில் அடைத்தது. போர் முடியும்வரை அங்கேதான். பிற்பாடு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இறையியல் ஆலோசகராக இருந்தார். திருச்சபைப் போதனைகளின் ஆவணங்களை இவரும் ஜாக் துப்புயி என்ற இயேசு சபைக் குருவும் சேர்த்துத் தொகுத்த தடித்த நூல் இன்றும் உலகெங்கும் குருமடங்களில் பாடநூல். 'நொய்னர்-துப்புயி' என்றாலே மாணவர்களுக்குப் புரிந்துவிடும். நூறு வயதைக் கடந்து 2009-ல் காலமானார். இத்தனை இருந்தும், இறையியல் படிக்காதவர்கள் அவர் பெயரைக் கேள்விப்படக் காரணம் வேறு.

1961 ஏப்ரலில் கல்கத்தாவில் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபைக் கன்னியருக்குத் தியானம் கொடுக்கப் போயிருந்தார் நொய்னர். சபையின் தலைவி அவரிடம் வந்து பேசினார். பேசியதை எழுதித் தரும்படி நொய்னர் கேட்டுக்கொண்டார். அவரும் எழுதிக் கொடுத்தார். சில தாள்கள்தான். கடவுள் இருக்கும் இடத்தில் தனக்கு வெறுமைதான் தெரிகிறது, ஜெபம் செய்ய முயன்றால் வார்த்தை திரும்பி வந்து தன் மேலேயே குத்துகிறது, ஆன்மா என்று ஒன்று இருப்பதே தனக்குப் பிடிபடவில்லை என்கிற ரீதியில் போகிற தாள்கள். எழுதியவர் அன்னை தெரசா.

அப்போது அவர் உலகப் பிரபலம் ஆகியிருக்கவில்லை. பத்மஸ்ரீயும் மகசேசே விருதும் கிடைத்தது 1962-ல். பி.பி.சி.க்காக மால்கம் மக்கரிட்ஜ் எடுத்த படம் 1969-ல் வெளிவந்த பிறகுதான் மேற்குலகம் அவரைக் கண்டுகொண்டது. 1979-ல் நோபல், 1980-ல் பாரத ரத்னா. எழுதிக் கொடுத்த காலத்தில் அவருக்கு ஐம்பது வயது. கல்கத்தாவுக்கு வெளியே அதிகம் பெயர் தெரியாத ஒரு கன்னியர்.

நம் ஊருக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது தெரிந்ததுதான். பள்ளிச் சுவரில் நீலக்கரைச் சேலையோடு ஒரு படம், கொடைக்கானலில் அவர் பெயரில் மகளிர் பல்கலைக்கழகம், ஆண்டு விழாப் பேச்சுப்போட்டியில் தவறாமல் ஒரு கதை. தெரசா நீட்டிய கையில் ஒரு கடைக்காரர் எச்சில் துப்பினாராம். 'இது எனக்கு, என் பிள்ளைகளுக்கு என்ன தருவீர்கள்?' என்று இவர் கேட்டாராம். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கடை என்று சொல்கிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்கிறவர் கண் கலங்க வேண்டும் என்றே செய்த கதை மாதிரி இருக்கிறது. அவரே எழுதிய தாள்களில் தெரிகிற பெண் இதைவிடச் சிக்கலானவர். எனக்கு அவரைத்தான் பிடிக்கிறது.

மதராஸில் கண்ட முதல் இந்தியா

ஆக்னஸ் கோன்ஜா போயாஜியு 1910 ஆகஸ்ட் 26-ல் ஸ்கோப்யேயில் பிறந்தார். அன்று அது ஆட்டோமான் பேரரசின் நகரம். இன்று வட மாசிடோனியாவின் தலைநகர். அல்பேனியக் கத்தோலிக்கக் குடும்பம். எட்டு வயதில் அப்பா இறந்துபோக, அம்மாதான் வளர்த்தார். 1928 செப்டம்பரில் வீட்டை விட்டுக் கிளம்பி டப்ளினில் லொரேட்டோ கன்னியரோடு சேர்ந்தார். அங்கே கொஞ்சம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, டிசம்பரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். தாயை அதற்குப் பிறகு கடைசிவரை பார்க்கவில்லை.

அந்தக் கப்பல் கொழும்பிலும் மதராஸிலும் நின்றது. தன் தாய்மண்ணின் மிஷன் இதழ் ஒன்றுக்கு அவர் எழுதிய பயணக் குறிப்பில் மதராஸ் வருகிறது. தெருவிலேயே, மதில் ஓரமாகவே குடும்பம் குடும்பமாக மக்கள் வாழ்வதைக் கண்டு பதினெட்டு வயதுப் பெண் அதிர்ந்துபோனார். கல்கத்தாவைப் பார்ப்பதற்கு முன் அவர் பார்த்த வறுமை நம்முடையது. நம் பேச்சுப்போட்டிகளில் இந்தத் தகவல் வருவதே இல்லை.

1929 ஜனவரி 6-ல் கல்கத்தா. பிறகு டார்ஜிலிங்கில் நவகன்னியர் பயிற்சி. லிசியேவின் புனித தெரேசாவை மனத்தில் வைத்துப் பெயரைத் தேர்ந்துகொண்டார். 1931-ல் முதல் வார்த்தைப்பாடு, 1937-ல் நிரந்தர வார்த்தைப்பாடு. என்டாலியில் செயின்ட் மேரிஸ் பள்ளியில் புவியியல், வரலாறு டீச்சர். 1944-ல் தலைமை ஆசிரியை. இந்த இருபது வருடத்தை வேகமாகத் தாண்டிப் போகலாம். நல்ல ஆசிரியை, நல்ல கன்னியர். நடுவில் 1942-ல் மட்டும், கடவுள் கேட்கும் எதையும் மறுப்பதில்லை என்று தனிப்பட்ட ஒரு வார்த்தைப்பாடு எடுத்துக்கொண்டார். ஆன்ம குருவைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

1943-ல் வங்காளப் பஞ்சம். 1946 ஆகஸ்ட் 16-ல் கலவரம். நாலைந்து நாளில் ஆயிரக்கணக்கில் பிணங்கள். சாப்பாட்டு வண்டிகள் நின்றுபோக, விடுதியில் முந்நூறு பெண்பிள்ளைகள் பட்டினி. மடத்து விதியை மீறித் தெருவுக்கு வந்தார். ராணுவத்தார் மறித்து, அரிசி மூட்டைகளை ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். கலவரம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 10-ல் டார்ஜிலிங்குக்குப் போகும் ரயிலில் அந்த 'அழைப்பு' வந்ததாகச் சபை கொண்டாடுகிறது.

இங்கிருந்துதான் தாள்கள் ஆரம்பிக்கின்றன. பெல்ஜியத்து இயேசு சபைக் குருவான செலஸ்ட் வான் எக்ஸமிடம் தான் கேட்ட குரலைப் பற்றிச் சொன்னார். அவர் வழியாகக் கல்கத்தா பேராயர் பெர்டினாண்ட் பெரியேயிடம் விஷயம் போனது. 1947 ஜனவரி 13-ல் பேராயருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், இயேசு தன்னிடம் என்னவெல்லாம் கேட்டார், தான் என்ன பதில் சொன்னார் என்று உரையாடலாகவே எழுதியிருக்கிறார். தெருவில் இறங்கி வேலை செய்ய அனுமதி கேட்டுத்தான் இவ்வளவும். பெரியே பொறுமைசாலி, சந்தேகப் பிராணியும்கூட, அவசரப்பட மறுத்துவிட்டார். இதற்குள் ஆன்ம குருவோடு இவர் அடிக்கடி நெடுநேரம் பேசுவது மடத்தில் சிலர் கண்ணில் பட, அசன்சோலுக்கு மாற்றல் வந்தது. அங்கிருந்தும் கடிதம், கடிதத்துக்கு மேல் கடிதம். பணிவு குறையாது, பிடிவாதமும் குறையாது. மேலதிகாரியை நச்சரிப்பதில் நம் தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கிற பாட்டிகளை ஒத்தவர் அவர்: மரியாதையாகப் பேசுவார், ஆனால் நகரமாட்டார்.

1948-ல் ரோமின் அனுமதி வந்தது. ஆகஸ்ட் 17 அன்று நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில், கையில் ஐந்து ரூபாயோடு லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறினார். பாட்னாவில் சில மாதம் மருத்துவப் பயிற்சி. டிசம்பரில் மோதிஜீல் சேரியில் மரத்தடியில், தரையில் குச்சியால் எழுத்தைக் கீறிப் பாடம். 1950 அக்டோபர் 7-ல் சபைக்கு அங்கீகாரம். 1952 ஆகஸ்டில் காளிகாட்டில், கோயிலை ஒட்டி மாநகராட்சி கொடுத்த யாத்ரிகர் மண்டபத்தில், சாகக் கிடப்பவர்களுக்கான நிர்மல் ஹ்ருதய். 1955-ல் சிசு பவன். அதன் பிறகு தொழுநோயாளிகளுக்கு ஊர் ஊராய்ப் போகும் வண்டி.

வெளியே வெளிச்சம்

இப்படி ஒவ்வொன்றாக வளர்ந்துகொண்டிருந்தபோதுதான், 1953 மார்ச்சில் பேராயர் பெரியேக்கு எழுதிய கடிதத்தில் அந்த இன்னொரு விஷயம் தலைகாட்டுகிறது. எனக்காக ஜெபியுங்கள், உள்ளே எல்லாம் செத்துப்போன மாதிரி ஒரு பயங்கரமான இருள், பணியைத் தொடங்கிய நாள் தொட்டே கிட்டத்தட்ட இப்படித்தான் என்கிறார். குரல் கேட்டது ரயிலில். அந்தக் குரல் சொன்ன வேலையைத் தொடங்கியதும் குரல் நின்றுவிட்டது.

1956-லிருந்து இந்தக் கடிதங்களைப் பெற்றவர் லாரன்ஸ் பிக்காச்சி. டார்ஜிலிங்கில் பிறந்த இயேசு சபைக் குரு. பிற்காலத்தில் கல்கத்தா பேராயர், கர்தினால். 1958 அக்டோபரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் இறந்தபோது, அவருக்கான பூசையில் ஒரு அடையாளம் கேட்டு வேண்டிக்கொண்டார் தெரசா. இருள் அங்கேயே விலகியது. ஒரு மாதம்போல நிம்மதி, அப்புறம் பழையபடி. 1959-ல் இயேசுவுக்கே ஒரு கடிதம் எழுதி, அதைப் பிக்காச்சிக்கு அனுப்பினார். நீ என்னை வேண்டாம் என்கிறாய், அன்பு காட்டியவரே தூக்கி எறிந்த குழந்தையாக நிற்கிறேன் என்ற தொனி அதில்.

இந்தக் கடிதங்களைப் பார்க்கிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது கோடுகள். முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு, காற்புள்ளிக்கும் கோடு. ஒரு நினைப்பு முடிவதற்குள் கோடு போட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். அல்பேனியனும் செர்போ-குரோவேஷியனும் பேசி வளர்ந்தவருக்கு இங்கிலீஷ் பிற்பாடு கற்ற மொழி. அதில்தான் மிக அந்தரங்கமானதைச் சொல்ல வேண்டியிருந்தது. வாக்கிய அமைப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. பகல் வேலை எல்லாம் முடிந்த பிறகு, தூக்கத்தைத் திருடி எழுதுகிறவரின் அவசரம் அந்தக் கோடுகளில் அப்படியே இருக்கிறது. அழகாக எழுத வேண்டும் என்ற எண்ணமே இல்லாததால்தான் நம்பத் தோன்றுகிறது.

நொய்னர் சொன்ன பதில் சிறியது. இதற்கு மனித வைத்தியம் எதுவும் கிடையாது, ஆகவே உங்கள் பாவத்தால் வந்தது என்று குழம்ப வேண்டாம். இயேசு அருகில் இருப்பதாக உணர்வதுதான் அவர் இருப்பதற்கு அத்தாட்சி என்றில்லை. இந்தத் தீராத ஏக்கமே அவர் உள்ளே இருப்பதற்கு அடையாளம். யாருக்காக வேலை செய்கிறீர்களோ, அந்தக் கைவிடப்பட்டவர்களின் நிலையில் இது உங்களுக்குக் கிடைத்த பங்கு. இதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். தெரசாவுக்கு நிம்மதி கிடைத்தது. இருள் போகவில்லை, அதோடு இருக்கக் கற்றுக்கொண்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக இந்த இருளை நேசிக்கத் தொடங்கியிருக்கிறேன் என்ற பொருளில் நொய்னருக்கு எழுதினார். புனேயிலிருந்து வந்துபோன ஒரு பேராசிரியர் சொன்ன சில வாக்கியங்கள் அடுத்த முப்பத்தாறு வருடத்துக்குத் தாங்கின.

தமிழ் வாசகருக்கு இதில் அவ்வளவு அதிர்ச்சி இருக்க நியாயமில்லை. பராங்குச நாயகியாகித் தவித்த நம்மாழ்வாரையும், கண்ணனைக் காணாமல் பிதற்றிய ஆண்டாளையும், பெற்றதை நழுவவிட்டேனே என்று புலம்பிய மணிவாசகரையும் படித்து வளர்ந்தவர்கள் நாம். தெய்வம் முகம் காட்டாமல் போவதும் பக்தியின் ஒரு கட்டம்தான் என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு. இவர்கள் பாடினார்கள், ஊரே கூடிப் பாடியது. தெரசா மூன்று நான்கு பேரிடம் ரகசியமாக எழுதினார்; வெளியே சிரித்த முகம். அந்தச் சிரிப்பே ஒரு போர்வை என்றும் கடிதம் ஒன்றில் சொல்லியிருக்கிறார்.

எரிக்காதவர்கள்

எழுதியதையெல்லாம் எரித்துவிடச் சொன்னார். ஒருவரிடம் அல்ல, ஒரு தடவையும் அல்ல. 1957-ல் பெரியேக்கு எழுதியபோது, 1946-ஐப் பற்றி எதையும் வெளியே கொடுக்க வேண்டாம், தொடக்கம் தெரிந்தால் ஜனங்கள் என்னைப் பெரிதாக நினைப்பார்கள், இயேசுவைக் குறைவாக நினைப்பார்கள் என்று காரணமும் சொன்னார். பிக்காச்சியிடம் கேட்டார். வான் எக்ஸமிடமும் கேட்டார். ஒருவரும் எரிக்கவில்லை. ஒரு சபையைத் தோற்றுவித்தவரின் அனுபவம் அந்தச் சபைக்குச் சொந்தம், வருங்காலத்துக்கு வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு உயிர்போனாலும் சொல்லக்கூடாது. எழுதிக் கொடுத்த கடிதம் கறாராகப் பார்த்தால் அந்த வேலிக்குள் வராது. ஆனாலும் ஒரு பெண் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். அவர் நம்பிக் கொடுத்தது முழுக்க ஆண்களிடம், அதிகாரத்தில் மேலே இருந்தவர்களிடம். அவர் விருப்பத்தைவிட வரலாறு பெரிது என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். எரிக்காதது நல்லதாகப் போயிற்று என்றுதான் நானும் நினைக்கிறேன், முழு மனசோடு இல்லை. கெட்டியாகக் கட்டி, நூறு வருடம் கழித்துப் பிரியுங்கள் என்று வைத்திருக்கலாம். அவர் இறந்து பத்தே வருடத்தில் புத்தகமாகக் கடைக்கு வந்துவிட்டது.

வந்த வழி இது. 1997 செப்டம்பர் 5-ல் அவர் இறந்தார். புனிதர் பட்டத்துக்கான விசாரணையைத் தொடங்க ஐந்து வருடம் பொறுக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் ஜான் பால் அதைத் தளர்த்தி 1999-லேயே தொடங்கவைத்தார். 2001-ல் முடிந்த மறைமாவட்ட விசாரணையில் சேர்ந்த ஆவணங்கள் சுமார் 35,000 பக்கம். எரிக்கச் சொன்ன கடிதங்களும் அதில் சாட்சியங்களாகிவிட்டன. நொய்னர் 2001-ல் தன் அனுபவத்தை ஒரு துறவியர் இதழில் எழுதினார். அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. பட்டத்துக்கான வழக்கை நடத்திய கனடாக் குரு பிரையன் கொலோடிச்சுக், கடிதங்களைத் தொகுத்து 'கம் பீ மை லைட்' என்று 2007-ல் வெளியிட்டதும் அமெரிக்காவின் 'டைம்' அட்டைப்படக் கட்டுரையே போட்டது. அன்னை தெரசாவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையா என்று ஊர் ஊராகத் தலைப்பு.

நாத்திகர்கள் 'பார்த்தீர்களா' என்றார்கள். விசுவாசிகள் 'இதுதான் புனிதத்தின் உச்சம்' என்றார்கள். இரண்டு கூட்டமும் கடிதத்தைத் தங்கள் வக்காலத்தாக மாற்றிக்கொண்டது. தனக்குப் பட்டமே கிடைத்தாலும் தான் இருளின் புனிதராகத்தான் இருப்பேன் என்று அவர் நொய்னருக்கு எழுதியிருந்ததும் 2016 செப்டம்பர் 4-ல், பட்டம் கொடுத்த அன்று, மேடைக்கு மேடை ஒலித்தது. அவர் எதற்குப் பயந்தாரோ அதேதான் நடந்தது.

வராத தாள்கள்

எனக்கு உறுத்துவது வேறு. இந்த அந்தரங்கக் கடிதங்களைச் சுற்றி நடந்த ஆரவாரத்தில், ஒரு நிவாரணப் பணியாளரைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் பின்னுக்குப் போய்விட்டன. அவர் எரிக்கச் சொல்லாத கடிதங்களும் இருக்கின்றன. 1979-ல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்துப் பிரதமர் மொரார்ஜி தேசாய்க்கு எழுதிய பகிரங்கக் கடிதம். 1991 ஜனவரியில் போர் வேண்டாம் என்று புஷ்ஷுக்கும் சதாம் உசேனுக்கும் சேர்த்து எழுதியது. 1992-ல் அமெரிக்க மோசடி வழக்கில் சிக்கிய சார்லஸ் கீட்டிங்குக்காக நீதிபதி லான்ஸ் ஈட்டோவுக்கு எழுதியது. கீட்டிங் அவருக்குப் பன்னிரண்டரை லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தவர். அது ஏமாற்றப்பட்டவர்களின் பணம், திருப்பிக் கொடுங்கள் என்று அரசு வழக்கறிஞர் பால் டர்லி பதில் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை என்கிறார்கள்.

1994-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் காளிகாட்டைப் பார்த்துவிட்டு எழுதினார். யாரையும் தள்ளாமல் சேர்த்துக்கொள்வதையும் புண்ணைக் கழுவிக் கட்டுவதையும் பாராட்டினார். நோயைக் கண்டறியும் முறை சரியில்லை, கடும் வலிக்குக் கொடுக்க வலுவான மருந்து இல்லை என்று குறையும் சொன்னார். கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸும், கல்கத்தாவில் பிறந்து லண்டனில் மருத்துவம் பார்த்த அரூப் சாட்டர்ஜியும் இன்னும் கடுமையாக எழுதினார்கள். இருவரையும் திருச்சபையே கூப்பிட்டுச் சாட்சியம் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1998-ல் ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழ், நன்கொடையாக வந்த கோடிகள் எங்கே போயின என்று கேட்டது. இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்த இருண்ட கடிதங்களில் பதில் கிடையாது. உள்ளே வலியோடு இருந்தார் என்பதால் வெளியே வலி மருந்து போதுமான அளவு இருந்தது என்று ஆகிவிடாது. 1971-ல் வங்க அகதிகளிடையே, 1982-ல் குண்டு விழும் பெய்ரூட்டில் 37 குழந்தைகளை மீட்டபோது, 1984-ல் போபாலில் என்று அவர் போய் நின்ற இடங்களை மறுக்கவும் முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ரஞ்சன்காவிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். ஷிரூர் தாலுகாவைத் தாண்டிப் பீமா நதிக்கு அந்தப் பக்கம் தௌண்ட் தாலுகா, அங்கே கேட்காவ். பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் இருக்கும் ஊர். 1897-ல் மத்திய மாகாணப் பஞ்சத்திலும் 1900-ல் குஜராத் பஞ்சத்திலும் அநாதையான பெண்களைக் கூட்டிவந்து, கிணறு வெட்டி, அச்சகமும் தறியும் போட்டு, ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்டவர் ரமாபாய். அவர் கடிதங்களையும் பெற்றவர்களே காப்பாற்றினார்கள். இங்கிலாந்தின் வான்டேஜ் மடத்து சிஸ்டர் ஜெரால்டின் சேர்த்து வைத்ததை 1977-ல் மகாராஷ்டிர அரசின் இலக்கியப் பண்பாட்டு வாரியம் அச்சிட்டது. அந்தக் கடிதங்களில் ரமாபாய் சண்டை போடுகிறார். சொன்னதைக் கேள் என்று ஜெரால்டின் அதட்ட, மனசாட்சிப்படிதான் நடப்பேன் என்று இவர் மல்லுக்கு நிற்கிறார். தெரசாவின் கடிதங்களில் அந்தச் சண்டை மேலிடத்தோடு இல்லை, கடவுளோடு மட்டும். இரண்டு பேர் குணமும் இரண்டு பேர் நிறுவனங்களும் அந்த வித்தியாசத்திலேயே தெரிந்துவிடுகின்றன என்பது என் எண்ணம். ரமாபாயின் தாள்களை ஓர் அரசு வாரியம் வெளியிட்டதால் அவர் வெறும் பக்திப் பொருளாகிவிடவில்லை. இன்று மராட்டியப் பெண்ணிய வரலாறு எழுதுகிறவர்கள் அவரைத் தாராளமாக விமர்சிக்கிறார்கள், தாராளமாக மதிக்கிறார்கள்.

2021 டிசம்பர் 25-ல், கிறிஸ்துமஸ் அன்று பார்த்து, மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவைப் புதுப்பிக்க மத்திய உள்துறை மறுத்தது. பெரிய கூச்சல் எழுந்தது. 2022 ஜனவரியில் பதிவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏன் மறுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று விளங்கும்படி யாரும் விவரிக்கவில்லை. அந்தச் சட்டப்படி வெளிநாட்டுப் பணத்தின் வரவு செலவு வருடா வருடம் அரசுக்குப் போக வேண்டும். உள்நாட்டு நன்கொடை அந்தச் சட்டத்துக்குள் வராது. அரசாங்கம் பூட்டுவதும் திறப்பதுமாக விளையாடுவது கணக்குக் கேட்பது ஆகாது. சபையும் தானாக முன்வந்து கணக்கை விரித்துக் காட்டுவதைப் பெரிய புண்ணியமாக நினைத்ததில்லை.

சாகக் கிடப்பவர்களைச் சேர்க்கும் எந்த இல்லமும் வந்தவர் யார், என்றைக்கு வந்தார், பிழைத்துப் போனாரா, இறந்தாரா என்று ஒரு நோட்டுப் போடாமல் நடக்காது. 1952-லிருந்து காளிகாட்டில் இப்படிச் சேர்ந்த நோட்டுகள் எத்தனை எஞ்சியிருந்தாலும், பொது சுகாதாரம் தெரிந்த இரண்டு பேரையும் வரலாறு தெரிந்த இரண்டு பேரையும் உட்காரவைத்து, பெயர்களை மறைத்துப் படிக்கவிடலாம். என்ன நோயில் வந்தார்கள், எத்தனை பேர் எழுந்து நடந்து போனார்கள், எந்த வருடத்தில் மருந்துப் பட்டியல் மாறியது என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. எரிக்கச் சொன்னதை அச்சிட்டவர்கள், எரிக்கச் சொல்லாத இந்தக் கட்டையும் பிரித்துவிட்டால் ஹிட்சன்ஸுக்கும் பதில் கிடைக்கும், பேச்சுப்போட்டிப் பிள்ளைகளுக்கும் எச்சில் கதையைவிட நல்ல கதைகள் கிடைக்கும்.